சம்மந்திக்குக் கிண்டிய தொதல்

முதலில் ஒரு துண்டு தொதல் எடுத்துக்கொள்ளுங்கள், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டுகிற இனிப்பு. ஒரு பயணத்துக்கென்று நேற்றுக் கிண்டியது, கொஞ்சம் கூடிவிட்டது. இந்த நாட்டில் தேங்காய்ப்பால் தகரத்தில்தான் வரும். ஆனாலும் பொறுமையாகக் கிண்டினால் எண்ணெய் பிரிந்து நன்றாகவே திரளும். மொழிபெயர்க்க வந்த பிள்ளையும் எடுக்கட்டும். கோயம்புத்தூராம். நான் கதைக்கிறேன் என்றால் அவள் பேசுகிறேன் என்கிறாள். பரவாயில்லை, இரண்டு பேருக்கும் விளங்குகிறது.

நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தது ஒரு முறைப்பாடு கொடுக்க. என் மருமகளின் ஊர்க்காரர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள். அந்த ஊர் இந்தோனேசியாவில், சுமாத்திரா தீவின் மேற்குப் பக்கம், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பள்ளிவாசல், ஒரு வாய்க்கால், நெல் வயல்கள், இருபது வீடுகள், அவ்வளவுதான். ஒஸ்லோப் பொலிசின் கை அங்கே வரைக்கும் எட்டுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் முக்கியமான விஷயம் நடந்தது இங்கே, அம்மருட்டில், எங்கள் வீட்டு ஹோலில். அது உங்கள் எல்லைதானே.

என் பெயர் உதயகுமாரி. முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் கஜரூபன் பஸ் ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான், செய்வதுதான் இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்து வைத்த பெட்டைகளின் படங்களை எல்லாம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் தெஸ்மியைக் கூட்டிவந்து நிறுத்தினான். படிக்க வந்த பிள்ளை, அவன் ஓட்டும் பஸ்ஸில் ஏறிய பிள்ளை. நான் ஒரு சத்தமும் போடவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, ஊரில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

வயல் இருக்கிறதென்றாள். கூரை மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்த பெரிய வீடு இருக்கிறதென்றாள். எல்லாம் அம்மாவின் பக்கத்துச் சொத்து, அம்மாவிடமிருந்து மகளுக்குத்தான் போகும், ஆண்களுக்கு ஒன்றும் இல்லை என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

உங்களுக்கு இது விளங்க வேண்டும். எங்களிடம் சீதனம் என்று ஒன்று இருக்கிறது. பெண்ணுக்கு வீடும் காணியும் எழுதிக் கொடுப்பார்கள். நீங்கள் வீடு வாங்க வங்கியிடம் போகிறீர்கள், நாங்கள் சம்மந்தியிடம் போகிறோம். சம்மந்தி வட்டி கேட்பதில்லை. ஆகவே பெண்வழிச் சொத்து என்று அந்தப் பிள்ளை சொன்னதும், கடவுள் ஒரு யாழ்ப்பாணப் பெட்டையைத்தான் வேறு நிறத்தில் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். கலியாணம் ஒஸ்லோவில் பதிவு எழுத்தோடு முடிந்தது. வயலை விற்று, லோரன்ஸ்கூக்கில் தோட்டம் வைத்த ஒரு வரிசை வீடு வாங்கலாம் என்று மனதில் திரைச்சீலை வரைக்கும் தைத்துவிட்டேன். கோயிலிலும் சொல்லிவிட்டேன். அதுதான் என் பிழை. வீட்டை வாங்கிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் புளொக்கிலேயே இருக்கிறா சிறிதேவி. அவவின் மருமகள் கொழும்பில் வீடு கொண்டுவந்தவள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரசாதம் வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நிற்பா.

"என்ன உதயா, மருமேளின்ரை வயல் இன்னும் விளையேல்லையோ?"

"விளையும், விளையும். அங்கை வருசத்துக்கு இரண்டு போகம்."

"அப்ப நெல்லையாவது அனுப்பச் சொல்லுமன். லிஃப்ற்றிலை ஏத்துறது கஷ்டமெண்டால் நான் வந்து ஒரு கை பிடிக்கிறன்."

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். ஒரு தாய் எவ்வளவுதான் பொறுப்பாள்?

2006 கோடையில் அந்த ஊருக்குப் போனோம். மாப்பிள்ளையை வரவேற்கும் சடங்கு. அங்கேதான் முதலாவது இடி. எங்களிடம் காணி பெண்ணோடு வரும். அவர்களிடம் பெண் காணியோடு இருப்பாள், மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வரவேண்டும். தெஸ்மியின் அம்மாவுக்கு மூத்த அண்ணன் ஒருவர், அந்தக் குடும்பத்துக்கே தலைவர். தாய்மாமன் என்றால் எனக்குப் புதிய விஷயமா? பக்கத்தில் போய் இருந்து, வயலை எப்போது விற்கலாம் என்று தெஸ்மியைக் கொண்டு கேட்டேன். அவர் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கிக்கொண்டே சிரித்தார்.

"விற்கேலாதாம் மாமி," என்றாள் தெஸ்மி. என் மகனிடம் பழகிய தமிழ். என்னைவிட யாழ்ப்பாணமாகக் கதைப்பாள். "பாட்டியின்ரை பாட்டி காலத்துக் காணியாம். ஈடு வைக்க மட்டும் விடுவினமாம். அதுவும் சும்மா இல்லை."

தலைவர் பதவியேற்கும் சடங்குக்கு அடகு வைக்கலாமாம். வயது வந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் இருந்தால் வைக்கலாமாம். பெரிய வீட்டின் கூரை ஒழுகினால் வைக்கலாமாம். இல்லாவிட்டால் வீட்டு நடுவில் ஒரு பிணம் கிடக்க வேண்டுமாம். வேறு எதற்கும் முடியாதாம்.

நான் யோசித்தேன். விற்காவிட்டாலும், ஈட்டுக் காசில் மிஞ்சுவதைக் கொண்டே லோரன்ஸ்கூக் வீட்டுக்கு முற்பணம் கட்டலாம். தலைவர் ஏற்கெனவே கல்லுமாதிரி இருக்கிறார். பெண்கள் எல்லோருக்கும் கலியாணம் ஆகிவிட்டது. ஆகவே கூரை.

அடுத்தநாள் எல்லோரும் வயலுக்குப் போன நேரம், தேங்காய் பறிக்கும் நீண்ட தடியால் கூரைத் தகரத்தை நாலைந்து இடத்தில் நெம்பிவிட்டேன். இதை நான் மறைக்கவில்லை. உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன். பின்னேரம் மழை கொட்டியது. ஹோல் முழுக்க வெள்ளம். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாக மூலையில் இருந்தேன். விடிய ஊர் முழுக்க வந்துவிட்டது. ஒருவர் தகரம், ஒருவர் ஆணி, பெண்கள் பலாக்காய்க் கறி. மத்தியானத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் அழைக்கும் முன் கூரை சரி. மாமனே ஏறி ஆணி அடித்தார். ஒரு பிடி மண்ணும் ஈட்டுக்குப் போகவில்லை. ஊர் இப்படி ஒற்றுமையாக இருந்தால் ஒரு குடும்பம் எப்படி முன்னேறும்?

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். சிறிதேவி வரிசையில் நின்றா. "வயல் பாத்தனீரோ உதயா? எத்தினை பரப்பு? சூட்கேசிலை மடிச்சுக் கொண்டு வந்திருக்கலாமே," என்றா.

அடுத்த வருடம் தெஸ்மிக்குப் பிள்ளை பிறக்கவிருந்தது. அவளுடைய அம்மாவைக் கூப்பிடுவோம் என்று நானே சொன்னேன். மகன் என்னைக் கட்டிப்பிடித்தான். "அம்மா, நீங்கள் மாறிட்டீங்கள்," என்றான். ரோஸ்னிதார் என்று பெயர். இலைதுளிர் காலத்தில் வந்து இறங்கினா. சின்ன உருவம், வெள்ளைச் சிரிப்பு, கைநிறைய மருந்துக் குளிசைகள். சலரோகம், சீனி வருத்தம் என்பார்களே, அதுவும் இருதய வருத்தமும்.

நீங்கள் நம்புவீர்களோ தெரியாது, எனக்கு அவவை நல்ல விருப்பம். எனக்கு அவவின் பாஷை தெரியாது, அவவுக்கு என் பாஷை தெரியாது. அதனால் சண்டையே வரவில்லை. சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பயற்றங்காய் உடைப்போம். ஜன்னலால் பார்த்து, ஆர் வீட்டுப் பெட்டை யாரோடு போகிறாள் என்று கண்ணாலேயே கதைப்போம். ஒருநாள் நான் தொதல் கிண்டினேன். அவ வாசலிலேயே நின்று மணந்துபார்த்து, "டோடோல்," என்றா. அவர்கள் ஊரிலும் அதே பண்டமாம், ஏறக்குறைய அதே பெயராம். ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு அழுதா. நானும் அழுதேன். எங்கோ இரண்டு மூலையில் பிறந்தவர்களை ஒரு சட்டி தொதல் சேர்த்துவைத்துவிட்டது. நல்ல சம்மந்தி கிடைப்பது கொடுப்பினை.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு தரம் கிண்டினேன். அவ வேண்டாம் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டுவா. நான் இன்னொரு துண்டு வைப்பேன். வந்த விருந்தாளி வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. தேத்தண்ணிக்கும் சீனியைக் குறைக்கவில்லை. நோர்வேக் குளிருக்கு உடம்பில் சூடு வேண்டும்.

குளிசை விஷயமும் நான்தான் பார்த்தேன். தெஸ்மி கைப்பிள்ளையோடு படுத்தபடி. முதியோர் இல்லத்தில் இதுதானே என் வேலை. கிழமை நாட்களுக்குத் தட்டுத் தட்டாகப் பிரித்த பெட்டி ஒன்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமையே நிரப்பிவைப்பேன். அவவின் வெள்ளைக் குளிசைகள் இருக்கவேண்டிய இடத்தில் என்னுடைய கல்சியம் குளிசைகளைப் போட்டேன். அதுவும் வெள்ளைதான். அது எலும்புக்கு நல்லது. என் செலவில் வாங்கியது. ஒரு தரம்கூட அவ பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. என் உள்ளங்கையிலிருந்தே எடுத்து விழுங்கிவிட்டு, "ஊனி," என்று கையைத் தடவுவா. அக்கா என்று அர்த்தமாம்.

கோயம்புத்தூர்ப் பிள்ளை, ஏன் நிறுத்திவிட்டீர்? சொல்லும்.

"ஆன்ட்டி, இதை அப்படியே சொல்லிடட்டுமா?" என்று கேட்கிறாள். வேறு எப்படிச் சொல்வதாம். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும். முறைப்பாட்டில் விவரம் முழுக்க இருந்தால்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்கும்.

ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பேத்தி யதுர்ஷாவை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தவ அப்படியே சாய்ந்தா. பிள்ளை விழாமல் நான் பிடித்துக்கொண்டேன். என் கவனத்தை அப்போதும் மகன் பாராட்டினான். ஆம்புலன்ஸ் வந்தது. வயது, சலரோகம், இருதயம் என்று டொக்டர் சொன்னார். நான் குழறி அழுதேன். நடிப்பு இல்லை. எனக்கு இனி ஆரோடு பயற்றங்காய் உடைப்பது?

அழுதுகொண்டே, உடம்பை ஊருக்கு அனுப்புவோம் என்றேன். பிறந்த வீட்டு நடுவில் கிடத்தி, சொந்தபந்தம் பார்த்து அடக்கம் செய்யட்டும் என்றேன். கோயில் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சிறிதேவியே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சம்மந்தியிலை இப்பிடி ஒரு பாசத்தை நான் காணேல்லை," என்றா. அந்த ஒரு சொல்லுக்காகவே பட்ட பாடு வீண்போகவில்லை என்று தோன்றியது.

ஆனால் வீணாகத்தான் போனது. மாமன் தொலைபேசியில் சொன்னார்: இறந்த மண்ணிலேயே, இறந்த அன்றோ அடுத்தநாளோ அடக்கம் செய்வதுதான் முறையாம், அலைக்கழிக்கக் கூடாதாம். முஸ்லிம்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இங்கேயே புதைத்தார்கள். ஒஸ்லோ மண், ஒஸ்லோ மழை. நாற்பது நாள் பொறுத்து நான் அந்த ஈட்டு விஷயத்தைக் கேட்டேன். பிணம் வீட்டு நடுவில் கிடந்ததா இல்லையா என்று கேட்டேன். தெஸ்மி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு மாமனிடம் கேட்டுச் சொன்னாள்.

"கிடந்ததுதான் மாமி. ஆனால் எங்கடை வீட்டிலை இல்லையே, உங்கடை வீட்டிலையெல்லோ கிடந்தது."

இதைத்தான் ஏமாற்று என்கிறேன். ஹோல் என்றால் ஹோல்தானே. அவர்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு மனுசி இவ்வளவு மாதம் அடுப்படியில் நின்று கைநோகக் கிண்டியதற்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

இன்னும் இருக்கிறது. அம்மா போனதும் அந்தப் பெரிய வீட்டுக்கு மூத்த மகள்தான் பொறுப்பாம். தெஸ்மி பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அடுத்து வீடும் வயலும் யதுர்ஷாவுக்காம். என் இரத்தம்தான், ஆனால் எனக்கு ஒரு வரப்பும் இல்லை. பஸ் வேலையை விட்டுவிட்டு மகனும் பின்னால் போனான். உடுப்புப் பெட்டியோடு. நான் மகனுக்கு வீடு எடுக்க வெளிக்கிட்டேன், அவர்கள் வீட்டுக்கு மகனை எடுத்துக்கொண்டார்கள். போன கிழமை தொலைபேசியில் வந்தான். நாற்று நடப் பழகுகிறானாம். கூரையில் ஒரு இடம் இன்னும் ஒழுகுதாம், அந்த இடத்துக்குக் கீழேதான் அவனுக்குப் படுக்கையாம். "சுகமாயிருக்கிறன் அம்மா," என்றான். நான் அரைமணி நேரம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் இப்போது பயற்றங்காய் வாங்குவதும் இல்லை.

ஆகவே நீங்கள் எழுதவேண்டியது இவ்வளவுதான். அவர்கள் கேட்ட நிபந்தனையை உதயகுமாரியாகிய நான் என் கையாலேயே நிறைவேற்றிவிட்டேன். ரோஸ்னிதார் தானாகச் சாகவில்லை, நான்தான் பார்த்துப் பார்த்துச் சாகச் செய்தேன். வேறு யாரும் உதவவில்லை. அந்த உழைப்புக்குரியதை அவர்கள் தரவேண்டும். நான் விஷம் வைக்கிற ரகமில்லை. எல்லாம் அன்பாகத்தான் செய்தேன்.

நீங்கள் ஒரு துண்டும் எடுக்கவில்லையே. இந்தப் பிள்ளையும் கடித்த துண்டைக் கடதாசியில் திரும்ப வைத்துவிட்டாள். கதவடியில் ஏன் இன்னொருவர் வந்து நிற்கிறார்? தொதல் பெட்டியைக் கையுறை போட்டுத் தூக்குவதென்றால் தூக்குங்கள், ஆனால் சரிக்காதீர்கள், துண்டுகள் ஒட்டிவிடும். அது மாமனுக்கு. எனக்கு வெள்ளிக்கிழமை பிளேன். அவருக்கும் சலரோகம் தொடங்கியிருக்கிறதென்று மகன் சொன்னான். இருப்பது மனைவி வீட்டிலென்றாலும், செத்தால் அந்தப் பெரிய வீட்டு நடுவில்தான் கிடத்துவார்களாம். இந்த முறை நான் வடிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கிண்டினேன்.