நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு சொல்

2003 செப்டம்பர் 16, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் பக்க எண்ணை 14 என்று எழுதிவிட்டேன். 41 என்பதே சரி. இப்படிச் சின்னத் தவறுகள் என்னிடம் நிறைய உண்டு. அதனால்தான் எதையும் இரண்டு முறை பார்ப்பேன்.

காளவாசல் மாலை வகுப்பில் எங்களுக்குக் கணினி சொல்லித்தரும் ரவிசங்கர் சார் இணையப் பாதுகாப்பு பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதினார். புரூப் பார்த்தவன் நான். ‘மின்னஞ்சலோடு வரும் எண், அது கிளம்பிய கணினி மையத்தைக் காட்டும்’ என்பது 41ஆம் பக்கத்தில் அவர் வாக்கியம். கடைசிச் சொல் அடுத்த பக்கத்துக்குத் தாண்டியது. ‘கணினியைக் காட்டும்’ என்று சுருக்கினேன். பக்கம் அழகாக உட்கார்ந்தது.

புத்தகம் வந்த வாரம், கூடப் படிக்கும் உமேஷ் அந்த வரியை வகுப்பில் உரக்க வாசித்தான். பகலில் அவன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் முன்மேசையைப் பார்த்துக்கொள்பவன்.

“மாப்ள, எங்க சென்டர்ல எட்டு சிஸ்டத்துக்கும் சேத்து ஒரே நம்பர்தான். அதுவும் என் சிஸ்டத்துல இருக்கு. எவனோ மெயில் அனுப்புனா என்னையவா பிடிப்பாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அதன்பின் அவர் புரூப் பார்க்க எனக்கு ஒரு தாளும் தரவில்லை. உமேஷ் தனியாகவும் போய் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அவன் சொன்னதைச் சோதிக்காமல் விடுவது முறையல்ல. சாதாரண மெயிலென்றால் எண்ணை யாரும் தேடமாட்டார்கள். ஆகவே போன வருடம் ஜூனில் ஒரு மதியம், அந்த சென்டரின் ஏழாம் கணினியிலிருந்து ஒரு கல்லூரிக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினேன். குண்டு எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் கையில் சாரின் புத்தகத்தோடு சென்டருக்கு வந்தார். மெயிலோடு வந்த எண் உமேஷின் கணினியில் இருந்தது; அவனைக் கைது செய்தார். கல்லூரி மாடிப்படி நெரிசலில் விழுந்த பெண்ணுக்கு இன்னும் நினைவு திரும்பாததால் அவனுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. வரி தவறென்று சார் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது.

நேற்று உமேஷின் அம்மா பத்மாசினி வந்தார்.

“எட்டுக்கும் ஒரே நம்பர்னு எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன் ஹரி. புக்குல அப்படி இல்லைங்கிறாங்க. நீ கோர்ட்டுல வந்து சொல்லுப்பா.”

வருவதாகச் சொன்னேன். ஆனால் எட்டுக்கும் ஒரே எண் என்றால், மற்ற ஏழில் யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். அச்சில் உள்ளதை அப்படியே வாசிப்பது பொய்யாகாது.

நாளை பத்தரைக்குக் கோர்ட். போகும் வழியில் பத்மாசினி அம்மாவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். புரூப் பார்த்தவன் என்பதால் அரசுத் தரப்பில் முதல் சாட்சி நான்.