நேலிதாவைக் கேளு

இருபத்தாறு வருட ஞாபகத்தின் விலை நாலு கோடியே எண்பது லட்சம் குவாரனி. வரி தனி. மூன்று தவணையில் கட்டலாம். விலைச்சீட்டு முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. கொஞ்சம் இழுத்துப் பேசியிருந்தால் நாலரைக்கு இறங்கியிருப்பார்கள். என் அப்பா அசுன்சியோன் சந்தையில் துணி விற்றவர். எந்த விலைக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்பவரிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், வக்கீலம்மா. நான் வரிசையாகவே சொல்கிறேன்.

என் முதலாளி தோன் கிறிஸ்பின் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறவர். நாற்பத்திரண்டு பேர் வேலை பார்க்கிற கம்பெனி. இருபத்தாறு வருடமாகக் கிடங்கு நிர்வாகம் என்னுடையது. எந்த மருந்து எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தப் பேட்ச் எப்போது காலாவதியாகிறது, எதை விற்கக் கூடாது, எல்லாம் என் தலையில். அங்கே யார் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "நேலிதாவைக் கேளு." வீட்டில் என்னை எதுவும் கேட்க ஆளில்லை. வயது ஐம்பத்து நாலு. வழக்குக்குத் தேவையில்லை என்றால் இதை அடித்துவிடுங்கள்.

போன வருடம் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. கொள்முதல், கிடங்கு, விற்பனை, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார். கோழியைக் கூப்பிட்டுக் குழம்புக்குச் சட்டி பார்க்கச் சொன்ன மாதிரி.

லிமாவிலிருந்து மென்பொருள் விற்க ரென்சோ என்பவர் வந்தார். முதலில் சொன்ன விலைச்சீட்டு இவருடையது. எங்கள் சரக்குப் பட்டியலையே ஏற்றி ஓட்டிக் காட்டினார்.

"ஒரு பேட்ச் சரியில்லைன்னு ஃபேக்டரிலேர்ந்து கடுதாசி வருதுன்னு வைங்க. இந்தக் கட்டத்துல ஒரு டிக். அவ்வளவுதான். அப்புறம் யார் தலைகீழா நின்னாலும் அதுக்கு பில் விழாது."

எனக்கு இரண்டு நாள் பிடிக்கிற வேலை. அவருக்கு நாலு நிமிடம்.

"பாத்தியா நேலிதா, இனிமே நீ நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம்," என்றார் முதலாளி. அன்பாகத்தான் சொன்னார். அந்த வார்த்தையோடு வீட்டுக்குப் போனவள் மூன்று நாள் சாப்பிடவில்லை.

அந்தக் கூட்டத்தில் தெரெரே ஊற்றியது நான். ஐஸ் தண்ணீரில் மூலிகை, ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், ஆள் மாற்றி ஆள். ரென்சோ முதல் சுற்றிலேயே மரியாதையாக "நன்றி" என்றார். எங்களிடம் நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்று அர்த்தம். குவளை அதன்பிறகு அவரைத் தாண்டித் தாண்டிப் போனது. நாற்பது டிகிரி வெயில். ஏன் என்று தெரியாமல் அவர் எச்சில் விழுங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குவளை அவரிடம் போயிருக்கும்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்: "ஒரு குவளை தெரெரே குடிக்கத் தெரியல. நம்ம கிடங்கு இவரு சாஃப்ட்வேருக்கு எங்கேர்ந்து புரியப்போகுது?"

"பாவம்டி, நாக்கு தரையத் தொட்டிருச்சு அவனுக்கு," என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

மீதியை அட்டவணையில் முடித்தேன். பன்னிரண்டு தேவைகள், நூறு மதிப்பெண். கூப்பிட்டால் ஆள் உடனே வருவாரா என்பதற்கு முப்பது. கெட்ட பேட்சை விற்பனையில் நிறுத்த முடியுமா என்பதற்கு இரண்டு. பொய்யாக ஒரு மதிப்பெண்கூடப் போடவில்லை; எதற்கு எவ்வளவு என்று மட்டும் நான் முடிவு செய்தேன். மூன்று தெரு தள்ளியிருக்கிற வில்ஃப்ரிதோவின் மென்பொருள் ஜெயித்தது. அவர் ஏழு குவளை குடித்தவர்.

கிடங்கில் எனக்குக் கீழே வேலை பார்க்கிற ரோசலீனோ ஒருவன்தான் கேட்டான்.

"அக்கா, நிறுத்திவெச்ச சரக்க இதுல எங்க குறிக்கிறது?"

"என் மண்டையில குறி."

"நீங்க இல்லாத அன்னைக்கு?"

"நான் என்னைக்குடா இல்லாம இருந்திருக்கேன்?"

பிப்ரவரியில் ஃபேக்டரியிலிருந்து அப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்தது. சலைனில் ஒரு பேட்சில் கிருமி கலந்திருக்கிறது, விற்காமல் திருப்பி அனுப்புங்கள் என்று. எங்களிடம் அறுபது பெட்டி. பின்வரிசையில் தள்ளிவைத்தேன். சிவப்பு நாடா ஒட்டவில்லை. நாடா ஒட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு என்னை எதற்குக் கேட்பார்கள்? அந்த வாரமே எனக்கு டெங்கு.

உங்களிடம் ஒன்பது நாள் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். காய்ச்சல் மூன்று நாள்தான். நாலாம் நாள் எழுந்து சூப் வைத்துக் குடித்தேன். கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத்தான் நினைத்தேன். இன்னொரு தடவை அடிக்கட்டும் என்று தோன்றியது. அடித்தது.

ஆறாம் நாள் முதலாளியே என் வாசலுக்கு வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி வெளியே நின்று கை தட்டிக் கூப்பிட்டார். "நேலிதா, உசுரோடதான இருக்க? நீயில்லாம ஒண்ணும் ஓடலடி." திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். முப்பது தட்டு தட்டிவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் காலை ரோசலீனோவின் குரல் செய்தி வந்தது.

"அக்கா, காகுபே பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, சலைன் கேட்டுப் பிடுங்கி எடுக்கறாங்க. பின்வரிசையில அறுபது பெட்டி இருக்கு. ஸ்கிரீன்ல நல்ல சரக்குன்னுதான் காட்டுது. நீங்க ஏன் தனியா வெச்சீங்கன்னு தெரியல. மத்தியானம் வரைக்கும் வண்டிய நிறுத்திவெக்கிறேன். ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

கடைசி வரிக்காக இரண்டாம் தடவை கேட்டேன். பிறகு கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஆனது. வண்டி கிளம்பியிருக்கும்.

உங்கள் குறிப்பில் மறதி என்று எழுதியிருக்கிறது. அதைத் திருத்துங்கள். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. ரோசலீனோவை விட்டுவிடுங்கள், அவன் கேட்டான்.

கணக்கைச் சுத்தமாகக் கொடுத்துவிடுகிறேன். போன பெட்டி அறுபது. திரும்பி வந்தது ஐம்பத்து மூன்று. நோயாளிகளுக்கு ஏற்றியது ஏழு. இறந்தவர்கள் ஐந்து: தாய்மார் இரண்டு, குழந்தைகள் மூன்று, அதில் ஒன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இதெல்லாம் என் பற்று, மறுக்கவில்லை. வரவு: ஐந்தே நாளில் என்னைத் தேடி வந்த அழைப்புகள் நாற்பத்தொன்று. அதையும் எதிர்ப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீலம்மா. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது.