துடைத்தெடுத்த பம்ப்செட்டு

மாட்டுத்தாவணியிலிருந்து திருநகர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கினார்.

"மாப்ள, என் பம்ப்செட்டக் கொன்னுட்டாய்ங்கடா!"

பக்கத்திலிருந்த நண்பர் பதறினார். "எந்த பம்ப்செட்டு?"

"காலேஜ்ல நம்ம போட்ட ராக் ஆல்பத்த இப்ப லாஸ்லெஸ்ல திரும்ப விட்டுருக்காய்ங்கல்ல? ஒரு சத்தமும் கொறையாதுன்னாய்ங்க. திருவாதவூர் வயல்ல நான் ரெக்கார்டு பண்ணுன மோட்டார் சத்தத்த, இரைச்சல்னு தொடச்சுட்டாய்ங்க."

"கிதாரெல்லாம் இம்புட்டுத் தெளிவா இருக்கேடா."

"அது உன் கிதாரு. நான் வாசிச்சதே மோட்டார்தானடா! அட்டையில என் பேரு மட்டும் இருக்கு, ஆளக் காணோம்."

நண்பர் இயர்போனை வாங்கி, பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

"ஆல்பத்த எடுத்துருங்க சார். அவன் இல்லாததுல நானும் இல்ல."