மற்றப் பாதி வாழைப்பழம்

தெல்லிப்பழையில் கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, முன்னால் நின்ற வயதான அம்மா சொன்னது காதில் விழுந்தது.

"சீனி வருத்தம் பெரிசில்லை, பிள்ளை. மற்றப் பாதி வாழைப்பழம்தான் எனக்குக் கரைச்சல்."

பக்கத்தில் நின்ற பெண் விளங்காமல் பார்த்தாள்.

"டொக்டர் சொல்லுறார், இனிப்பு ஆசை வந்தால் அரைப் பழம் சாப்பிடட்டாம். இவர் உயிரோடை இருக்கேக்கை மற்றப் பாதி அவருக்கு. இப்பவும் தட்டாலை மூடி வைக்கிறன். காலமை பாத்தால் கறுத்துப்போய்க் கிடக்கு."

"கதலி வாங்குங்கோவன், அம்மா. சின்னப் பழம், மலிவும். முழுசாவே சாப்பிடலாம்."

"வாழைத்தோட்டம் நிறைஞ்ச நீர்வேலியிலை பிறந்த எனக்குக் கதலி தெரியாதே?"

பஸ் வந்தது. அம்மா கம்பியைப் பிடித்து ஏறிவிட்டுத் திரும்பினார்.

"முழுசாச் சாப்பிட்டால் அவருக்கு என்னத்தை வைக்கிறது, பிள்ளை?"