ஓர் ஊருக்கு ஒரு வரைபடம்

ஐயா, என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதத் தொடங்குமுன் இந்தக் கோப்புகளை ஓரம் சேர்த்து அடுக்கிவிடட்டுமா? கோணலாகக் கிடந்தால் எனக்குப் பேச்சு வராது. வீட்டிலும் அப்படித்தான். ஒரே மாதிரி இரண்டு கரண்டி இருந்தால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுவேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். என்றாவது அவளுக்குப் புரியும்.

நூலகத்தில் எனக்குக் கணினி வரைபடப் பிரிவு. பதினோராயிரம் வரைபடங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தோம். காகிதங்களைக் கரையான் அரிக்கிறது என்று எனக்கு முன்பிருந்தவரே கழித்துவிட்டார். அந்தப் பழி என்னைச் சேராது. பிரச்சினை என்னவென்றால், எதைத் தேடினாலும் கைக்கு அகப்படவில்லை. நம் நகரத்தின் பெயரை அடித்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்து விழும். வாசகர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். “தேடினா டக்குனு கிடைக்கணும்யா. அடுத்த மாசம் மேலிடத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. சொதப்பினா நம்ம ரெண்டு பேர் தலையும் உருளும்.”

ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, தெரு, வரைந்தவர் என்று குறிப்பு எழுதியிருக்கலாம்தான். இரண்டு வருடம் பிடிக்கும். நான் யோசித்தேன். ஓர் ஊருக்கு எதற்கு இத்தனை வரைபடம்? புதியதும் பளிச்சென்று இருப்பதுமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். ஒன்பது நாளில் பதினோராயிரம் வரைபடங்கள் வெறும் அறுநூற்று நாற்பதாகிவிட்டன. வந்த அதிகாரிகள் எந்த ஊரைத் தேடினாலும் ஒரே வரைபடம், உடனே. இயக்குநர் என் முதுகில் தட்டிய தட்டில் என் கண்ணாடி கழன்று விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

நீக்கியவை முப்பது நாள் கணினியின் குப்பைத்தொட்டியில் கிடக்கும். இருபத்தாறாம் நாள் அந்தத் தையல்கார அம்மா வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பூங்காவுக்கான இடத்தில் புதிதாகக் குடியேறிவிட்டார்கள் என்று அவர் தெருவையே இடிக்க நகராட்சி நோட்டீஸ் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை நீதிமன்றம்.

“சார், எங்க மாமனார் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கற தெரு அது. போன வருஷம் இதே கம்ப்யூட்டர்ல என் கண்ணால பார்த்தேன். அறுபது வருஷத்துப் பழைய படம். எங்க வீட்டுக்குக்கூட ஒரு குட்டிக் கட்டம் போட்டிருந்தாங்க.”

“இப்ப தேடினா ஒண்ணுதாம்மா வரும்” என்று காட்டினேன். நகராட்சி போன வருடம் வெளியிட்டது. அவர் தெரு இருக்கும் இடத்தில் அழகாகப் பச்சை அடித்திருந்தார்கள்.

“இதுல வெறும் பூங்காதான சார் இருக்கு?”

“ஆமாம்மா. ஆனா டக்குனு வந்துச்சு பாருங்க.”

அவர் நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அதற்குள் நான் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை ஐயா, அந்தப் படம் அங்கே இருந்தது. தெரு இருந்தது, கட்டங்கள் இருந்தன, முனையில் ஒரு கிணறுகூட இருந்தது. ஒரு சொடுக்குப் போதும், திரும்ப வந்துவிடும்.

வந்தால் என்ன ஆகும்? நகரத்துக்கு இரண்டு வரைபடம். ஒன்று பூங்கா என்று சொல்லும், இன்னொன்று தெரு என்று சொல்லும். பார்க்கிறவர் எதை நம்புவார்? நான் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். “இல்லம்மா” என்றேன். வருத்தமாகத்தான் இருந்தது. அவர் படியிறங்கியதும் குப்பைத்தொட்டியைக் காலிசெய்தேன். இன்னும் நான்கு நாள் எதற்கு இழுத்தடிப்பது?

திங்கட்கிழமை நீதிமன்றத்திலிருந்து வரைபடம் கேட்டார்கள். மூன்று நொடியில் அனுப்பினேன். அந்த வாரமே ஐம்பத்து மூன்று வீடுகளும் இடிபட்டன. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். படத்துக்கும் தரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எந்த நூலகத்தின் வரைபடம் இவ்வளவு சரியாக இருக்கும், சொல்லுங்கள்?

அந்த அம்மாவையும் மற்றவர்களையும் எங்கே தேடியும் காணவில்லை என்கிறீர்கள். அதற்கு நான் உதவுகிறேன் ஐயா, இது எனக்குப் பழகிய வேலை. அந்தத் தெருக்காரர்களின் பட்டியலைக் கொடுங்கள். ஒரே மாதிரி இருப்பவர்களை முதலில் நீக்கிவிடுவோம்.