படையலுக்கு ஒரு போத்தல்

லண்டன் இல்ஃபோர்டில் ஒரு மதுக்கடை, சனிக்கிழமை பகல். எனக்கு முன்னால் நின்ற பெண், கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுத்த குட்டிக் கோப்பையை மூக்கருகே பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது அவரின்ரை மணமில்லை."

கூட வந்த தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, இது நல்ல ஸ்கொட்ச். நாளைக்கு அத்தானின்ரை முதல் திவசம். படையலுக்கு இதையே வைப்பம்."

"அவர் குடிச்சது வேறை. நான் சண்டை பிடிப்பனெண்டு கராஜுக்கை ஒளிச்சு வச்சவர். நான் போத்தலைக் கண்டதில்லை."

"அமெரிக்கன் ப்ளெண்டட் விஸ்கி எண்டு எனக்கு ஒருக்காச் சொன்னவர்."

கடைக்காரர் அதிலும் கொஞ்சம் ஊற்றினார். தம்பி முதலில் குடித்து முகம் சுளித்தார்.

"கொஞ்சம் வனிலா, கொஞ்சம் இனிப்பு. பிறகு ஒண்டுமில்லை, தண்ணி மாதிரி. இதைப் படைக்க வெக்கமாயிருக்கும், அக்கா."

அக்கா கோப்பையை வாங்கி முகர்ந்தார். நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

"ஓம், இதுதான். ஷிப்ட் முடிஞ்சு வந்து, நான் நித்திரையெண்டு நினைச்சுப் போர்வையை இழுத்து விடுவார். அப்ப வாற மணம்."

தம்பி அதில் ஒரு போத்தலை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனார்.

"பையுக்கை ஒளிக்காதை," என்றார் அக்கா. "கையிலை தா. நானே கொண்டு வாறன்."