முடிக்கும் வரி

— மகாராணிக்கு எவ்வளவு குறைக்கணும்? ஒரு இஞ்சா, ரெண்டு இஞ்சா?

— நுனியை மட்டும் சரி பண்ணு போதும். டிவியில வருமாம், பார்க்க நல்லா இருக்கணும்.

— நல்லாத்தான் இருக்கும். நாளைக்குத் தலைநகரம் லிங்கன்ல போய் செனட்டருங்க முன்னாடி உட்கார்ந்து, "முடி வெட்டறதுக்கும் விற்பனை வரி போடுங்க, எங்க நிலவரியைக் குறைங்க"ன்னு சொல்லப் போறே. அப்படிச் சொல்லப் போற தலைக்கு அலங்காரம் பண்றவ நான். உலகத்துல வேற எந்த ஊர்லயாவது இந்தக் கூத்து நடக்குமா ரோஷெல்?

— நெப்ராஸ்காவுல நடக்கும். இந்த ஊர்ல உன் பார்லரை விட்டா வேற எங்க போவேன் அக்கா?

— இன்னொண்ணு இருந்தா போயிருப்பேங்கிறே.

— நான் அப்படியா சொன்னேன்? நியாயமாப் பேசு.

— நியாயமா! அந்த வார்த்தையை உன் புருஷன் டேரல் வீட்டு வேலியோட நிறுத்திக்கோ. குனி.

— ட்வைலா! உன் தங்கச்சி என்னடியம்மா சொல்றா?

— ஒண்ணுமில்லை வெல்மா ஆன்ட்டி! நீங்க தலையை டிரையருக்குள்ளயே வையுங்க! இன்னும் பத்து நிமிஷம்!

— எத்தனை டாலர்?

— நிமிஷம்! பத்து நிமிஷம்! பார்த்தியா ரோஷெல், எண்பத்தெட்டு வயசு. வாரா வாரம் வியாழக்கிழமை தவறாம வரும். காசுப் பையைக் கவுத்து எண்ணி எண்ணித்தான் குடுக்கும். அதுகிட்ட இன்னும் ஒரு டாலர் குடுங்கன்னு எப்படிக் கேக்கச் சொல்றே?

— ஒரு டாலர்தானே அக்கா.

— ஒரு டாலர்தான். வாரத்துக்கு ஒருக்கா வர்றது ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஆகும். அப்புறம் மாசம் ஒருக்கா. அப்புறம் யாராவது செத்தாத்தான் வருவாங்க. நான் வாடகைக் கடைக்காரி. கட்டடத்துக்கு வரி குறைஞ்சா கட்டடக்காரனுக்குக் குறையும், என் வாடகையா குறையப் போகுது? குறைஞ்சா நான் இந்தச் சீப்பைத் தின்னுடறேன்.

— எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளேன். எங்க வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளையே கிடையாது. ஆனா பள்ளிக்கூடத்தை நாங்கதான் தாங்கறோம். சோளம் விலை இறங்கிப் போச்சு, நிலவரி மட்டும் ஏறிட்டே போகுது. மழை பெய்யலைன்னா வரியை விடுவானா? ஆலங்கட்டி அடிச்சா விடுவானா? மண்ணு வருமானம் குடுத்தாலும் குடுக்காட்டியும் கட்டித்தான் ஆகணும்.

— ஐயோ பாவம். போன பிப்ரவரியில அரிசோனாவுக்குப் போய் வெயில்ல காஞ்சது யாரு, எங்க மாமியாரா?

— டேரலுக்கு முட்டி ஆபரேஷன் ஆன வருஷம் அது. வாக்கரோட நடந்துட்டிருந்தாரு.

— வாக்கரோட நடந்தாலும் வெயில் வெயில்தான். நான் இங்க தண்ணிக் குழாய் உறைஞ்சு போய், கெட்டில்ல வெந்நீர் வச்சுத் தலை அலசிட்டு இருந்தேன். உங்க சமையலறையில புதுசாப் போட்டியே கல் மேடை, அதைப் பத்தி சர்ச்சுல எல்லாரும் பேசறாங்க. அங்க போனா "டேரல் வீட்டம்மா வாங்க, இங்க உட்காருங்க"ங்கறாங்க. நான் போனா, "ட்வைலா, திங்கக்கிழமை பதினொரு மணிக்கு இடம் இருக்கா?"ங்கறாங்க.

— அது உன் மேல இருக்கிற பிரியம்.

— பிரியமும் வேண்டாம், பாசமும் வேண்டாம். பொறாமைப் படறேன்னு நினைக்கிறியா? ஆமா, படறேன். முப்பது வருஷமாப் படறேன். அதுக்கு யாரும் வரி போடலை, அந்த மட்டும் சந்தோஷம்.

— அக்கா, கத்தரியை ஆட்டிப் பேசாதே, பயமா இருக்கு.

— அப்பா ரெண்டு பொண்ணுக்கும் பிரிச்சாரே, அந்த அழகைச் சொல்லு. கறுப்பு மண்ணு அத்தனையும் உனக்கு. எனக்கு ஒன்பது மாசம் அழகுக் கலைப் படிப்பும் ஒரு பெட்டி ரோலரும். "உனக்குக் கைத்தொழில் இருக்கு ட்வைலா, அவளுக்கு என்ன இருக்கு"ன்னு கேட்டாரு. மூத்தவ நான்! டிராக்டர் ஓட்டக் கத்துக்கிட்டது நான்! நீ கோழியைப் பார்த்தாலே அலறுவே.

— இப்பவும் அலறுவேன்.

— சிரிக்க வைக்காதே. கோபமா இருக்கேன்.

— அப்பா உனக்கு ஒண்ணுமே குடுக்கலையா? ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை முடி வெட்டிக்கிறேன்னு இங்க வருவாரு. வெட்டறதுக்கு அந்தத் தலையில என்ன இருந்துச்சு? ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிட்டு, சிரிச்ச முகத்தோட வருவாரு. வீட்டு வாசல்ல கால் வச்சதும் முகம் மாறிடும். எங்கிட்ட பேசினது எல்லாம் வேலி, பம்பு, மாடு. "அந்தக் கேட்டைச் சாத்தினியா ரோஷெல்?" அவ்வளவுதான். அவரு பட்டாளத்துல இருந்த கதையை நான் கேட்டது அவரோட சாவு வீட்டுலதான், அதுவும் நீ சொல்லி.

— அது... அப்படியே நாற்காலியில உட்கார்ந்தா ஆம்பளைங்க பேசுவாங்க. அது ஒரு விஷயமா?

— எனக்கு விஷயம்தான்.

— சரி விடு. நேரா உட்காரு. நாளைக்கு என்ன பேசப் போறே? மூணு நிமிஷம்தானே குடுப்பாங்க?

— மூணு நிமிஷம். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, அப்புறம் சிவப்பு. முதல்ல பேரைச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிச் சொல்லணுமாம்.

— இங்கிலீஷ்ல உன் பேருக்கு எட்டு எழுத்து. என் பேருக்கு அஞ்சு. அதுலயும் அப்பா உனக்குத்தான் மூணு கூடக் குடுத்தாரு.

— உனக்கு நேரம் மிச்சம்னு வச்சுக்கோ. நீயும்தானே பேசப் போறே.

— யாரு சொன்னா?

— வெல்மா ஆன்ட்டி.

— அதுக்குக் காது கேக்காது, வாய் மட்டும் நல்லா வேலை செய்யும். ஆமா, பேசறேன். நீங்க ஆதரிக்கிறவங்க முதல்ல. எதிர்க்கிறவங்க அடுத்து. எங்க பார்லர்க்காரங்க ஒரு பதினோரு பேர் வர்றோம். கார்ல இடம் பத்தலை, அதான் யோசிச்சிட்டு இருக்கேன்.

— எங்க வண்டியில வாயேன். பனி பெய்யும்ங்கறாங்க, டேரல் நல்லா ஓட்டுவாரு.

— உன்னை எதிர்த்துப் பேச உன் வண்டியிலயே வரணுமா?

— பெட்ரோல் மிச்சம்தானே.

— ...எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?

— ஆறரை. கடையில நின்னு கறி வச்ச ரன்ஸா பன் வாங்கிக்கலாம், டேரலுக்கு மூணு வேணும்.

— சரி, ஆறரை. உன் பேச்சைப் படி. எதை எதிர்க்கணும்னு எனக்கும் தெரியணும்ல.

— படிக்கறேன், நடுவுல வாயைத் திறக்காதே. "மதிப்புக்குரிய செனட்டர்களே. நானும் என் கணவரும் என் அப்பா கொடுத்த நிலத்தில் முப்பத்தோரு வருஷமாகப் பயிர் செய்கிறோம்."

— அப்பா *எனக்குக்* குடுக்காத நிலத்துலன்னு போடு.

— அக்கா.

— சரி, படி.

— "இந்த வருஷம் வரி குறையவில்லை என்றால் வீடு இருக்கிற நிலத்தையே விற்க வேண்டியிருக்கும்."

— என்னது?

— அப்படித்தான் எழுதியிருக்கேன்.

— எழுதினதைக் கேக்கலை. நிசமாவா? வீடு இருக்கிற நிலத்தையா? அப்பா நட்ட மரம் எல்லாம் இருக்கிற இடத்தையா?

— பாங்கியில நவம்பர்லயே சொல்லிட்டான். உங்கிட்ட சொல்லலை. சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்.

— அடிப்பாவி. நான் வயிறு எரிவேன், வாயால கரிச்சுக் கொட்டுவேன். அதுக்காக அந்த இடத்தை வித்தா சந்தோஷப்படுவேனா?

— ட்வைலா! இந்த டிரையர் நின்னு போச்சுடியம்மா!

— நிக்கலை ஆன்ட்டி! நீங்க தலையை வெளிய எடுத்துட்டீங்க! உள்ள விடுங்க! ...நீ மேல படி ரோஷெல்.

— "இந்த நிலைமை எப்படி வந்தது? பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துத்தான் எங்கள் நிலத்துக்கும் கவுண்டி வரி அலுவலகத்தில் மதிப்புப் போடுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நோவாட்னி குடும்பத்தின் எண்பது ஏக்கர் எங்கள் வேலியை ஒட்டி ஏலத்துக்கு வந்தது. ஏக்கர் பத்தாயிரம் டாலருக்குப் போக வேண்டியது."

— ம்.

— "ஃபோனில் ஒருவர் ஏலம் கேட்டார். முகம் தெரியாதவர். பேர் தெரியாதவர். நாங்கள் கேட்கக் கேட்க அவர் ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் நாங்கள் பதினாலாயிரத்துக்கு வாங்கினோம். அந்த ஒரு விலையால் சுற்று வட்டாரம் முழுக்க மதிப்பு ஏறியது, எல்லோருக்கும் வரி ஏறியது. விவசாயம் என்றால் என்னவென்றே தெரியாத எவனோ ஒரு வெளியூர்ப் பணக்காரன்..." ஏன் நிறுத்திட்டே? வெட்டு.

— வெட்டறேன்.

— வெட்டலையே. கத்தரி காத்துல நிக்குது, கண்ணாடியில தெரியுது.

— ரோஷெல், அந்தப் பத்தியை எடுத்துடேன்.

— ஏன்? அதுதானே முக்கியமான இடம்.

— மூணு நிமிஷத்துல எவ்வளவு சொல்ல முடியும்? உன் கதையைச் சொல்லு, டேரல் முட்டியைப் பத்திச் சொல்லு. எவனோ ஏலம் கேட்டதை எல்லாம் அங்க எதுக்கு இழுக்கறே? ஒரு செனட்டர் "யாரும்மா அது?"ன்னு கேட்டா என்ன சொல்லுவே?

— தெரியாதும்பேன். விசாரிங்கன்னு சொல்லுவேன். ஏலக்காரங்ககிட்ட பேரு இருக்கும்ல? அன்னிக்கு ஏலக்காரங்க சார்பா ஃபோனைப் பிடிச்சிட்டு நின்னது நம்ம கோரின்தானே, அவளைக் கூப்பிட்டுக் கேக்கட்டும்.

— கோரினை எல்லாம் வம்புல மாட்டி விடாதே. பாவம், நல்லவ.

— உன் கஸ்டமர்னா நல்லவளா?

— ரோஷெல், எடுத்துடு. அக்கா கேக்கறேன்.

— முடியாது.

— இந்தத் தலை முடிக்கு நான் காசு வாங்கலை. எடுத்துடு.

— முடியாதுக்கா. அந்த மனுஷன் எங்க குடும்பத்தையே கவுத்துட்டான். ஊர் உலகத்துக்குத் தெரியட்டும்.

— மனுஷன் இல்லை.

— பின்ன?

— நான். ஏதாவது சொல்லு. கத்து. எழுந்து போகணும்னா போ, பாதித் தலையோட போனாலும் பரவாயில்லை.

— எங்க உட்கார்ந்து கேட்டே?

— பின்னாடி, கலர் கலக்கற ரூம்ல. கடையைச் சாத்திட்டேன். வாங்கறதுக்கு இல்லை ரோஷெல். வாங்க எங்கிட்ட ஏது காசு? கோரின்கிட்ட பொய் சொன்னேன், பணம் போட ஒமாஹாவுல ஒருத்தர் எனக்குப் பின்னாடி இருக்காருன்னு. உனக்கு எல்லாம் சும்மாவே வருது. நிலம் சும்மா வந்துச்சு, புருஷன் நல்லவனா வந்தான். இது ஒண்ணாவது கொஞ்சம் வலிச்சு வரட்டும்னு நினைச்சேன். ஒரு தடவை ஏத்தினேன். போதும்னு நினைச்சேன். கோரின் "அவங்க மேல போயிட்டாங்க"ன்னா. அதுக்கும் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் இதோட போதும்னுதான். டேரல் மட்டும் எங்கேயாவது நிறுத்தியிருந்தா என் தலையில விழுந்திருக்கும், நான் ஜெயிலுக்கே போயிருப்பேன். ஆனாலும் ஏத்தினேன்.

— அழறியா?

— முடி கண்ணுல விழுந்துடுச்சு. கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாங்க? நான் ஏத்தின விலையில உன் வரி ஏறிச்சு. உன் வரியைக் குறைக்க இப்ப என் கத்தரிக்கு வரி வருது. இதுல அப்பா வீடும் போகுதுன்னா... மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரலை ரோஷெல்.

— பொண்ணுங்களா! யாரு அழறா? யாராவது போயிட்டாங்களா?

— இல்லை ஆன்ட்டி! யாரும் போகலை! ரோஷெல், திட்டறதுன்னா திட்டிடு. எனக்குப் பயமா இருக்கு.

— அந்தப் பத்தி லிங்கனுக்கு எழுதினது இல்லை அக்கா. உனக்கு எழுதினது. நாளைக்கு அதை நான் படிக்கப் போறதும் இல்லை. உன் வாயால வரட்டும்னு மூணு வருஷமா உன் நாற்காலியில வந்து உட்கார்ந்திருக்கேன்.

— தெரியுமா உனக்கு? எப்போ?

— அன்னிக்கே. கோரின் எனக்குப் பின்னாடிதான் நின்னா. "உன் தங்கச்சி வீட்டுல விட மாட்டேங்கறாங்க கண்ணு, நீ இன்னும் ஏத்தறியா?"ன்னு ஃபோன்ல மெதுவாக் கேட்டா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

— தெரிஞ்சுமா சும்மா இருந்தே? ஏன்டி, டேரல் கையைப் பிடிச்சு நிறுத்த வேண்டியதுதானே!

— டேரல் பதினோராயிரத்துலயே ஏல அட்டையைக் கீழ வச்சுட்டாரு அக்கா. அந்த நிலம் உனக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னு மிச்சம் மூவாயிரம் ஏத்தினது நான்.